பதினாலாவது கோடு

1

இந்த வருஷமும் ஆகஸ்ட் பிறக்கும் முன்பே என் கடையில் சிவப்புத் துணி தீர்ந்துபோனது. நம் ஊர் களியக்காவிளையில் தையல்காரனுக்கு ஓணம், தீபாவளி, கிறிஸ்மஸ் என்று மூன்று சீசன். இங்கே மலேசியாவில், பெடாஸில் எனக்கு நான்காவதாக ஒன்று உண்டு, சுதந்திர மாதம். கொடி, தோரணம், பாலர் பள்ளிப் பிள்ளைகளின் நாடகச் சட்டை என்று மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தடவை அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மகள் தர்ஷினி சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டாள்.

"பா, லெட்டர் வந்துருச்சி. அப்ரூவ்ட்."

சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அங்கே வேலைக்குப் போய், அங்கேயே ஒரு நல்ல பையனைக் கட்டி, அடுக்குமாடியில் பதினோராம் மாடியில் குடியிருக்கிறாள். எதிர்பார்த்த கடிதம்தான். இருந்தாலும் கால் மிஷினின் பெடலிலேயே நின்றுவிட்டது.

"செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை ஃபங்ஷன். எங்க புளோக் பக்கத்துல உள்ள மண்டபத்துல. கையத் தூக்கி உறுதிமொழி எடுக்கணும், பாட்டுப் பாடணும், அப்புறம் பிங்க் ஐசி கொடுப்பாங்க. குடும்பத்துல ரெண்டு பேரு வரலாமாம்."

"மாப்பிள்ளை வருவாருல்லா?"

"அவரு வெளிய நின்னுக்கிறேங்கிறாரு. ரெண்டு சீட்டும் உங்களுக்கும் அம்மாவுக்கும்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்கப்பா. நான் சொன்னா போன வச்சிருவாங்க."

என் மனைவி சரோஜா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"அப்ப நீல ஐசியத் திருப்பிக் கொடுத்துருவாளா?"

"குடுத்துத்தானே ஆகணும். ரெண்டும் வச்சுக்க விடமாட்டாங்க."

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல."

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்குப் பொரியலில் பயற்றங்காய் ரவை மாதிரி இருந்தது. தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். வேறாக இருப்பதை அரசாங்கமே கடுதாசி போட்டுச் சொல்லும்போது எந்தத் தாய்க்கும் கொஞ்சம் உறைக்கும்.

2

ஐசி என்றால் அடையாள அட்டை. எங்கள் வீட்டில் அதில் ஆளுக்கொரு நிறம். மனைவிக்கு நீல ஐசி, இந்த நாட்டுக் குடிமகள். எனக்குச் சிவப்பு, நிரந்தரவாசி, கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. மகளுக்கு இனி பிங்க். என் மச்சினன் குமார், லாரி ஓட்டுகிறவன், வாய்க்குப் பூட்டில்லாதவன், "மச்சான் வீட்டுல ஐசியெல்லாம் சேத்துக் கட்டுனா தோரணமே வாங்க வேணாம் லா" என்பான்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சரோஜாவுக்கு அந்த நீல அட்டை சும்மா வந்ததில்லை. அவள் அப்பா இங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். பிறப்புச் சான்று எலிக்கும் மழைக்கும் போய்விட்டது. இல்லாத காகிதத்தைக் கேட்டுக் கேட்டு அவரைச் சிரம்பான் பதிவு ஆபீசுக்கு அலையவிட்டார்கள். மேஸ்திரி மண்டோரிடம் லீவு கேட்டு, ஆபீஸ் குமாஸ்தா கிராணியிடம் கடுதாசி வாங்கி, சைக்கிளை ரயிலடியில் போட்டுவிட்டுப் போவாராம். நீல அட்டை கைக்கு வந்தபோது தலைமயிர் நரைத்துவிட்டது. அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். செத்த பிறகுதான் அது வெளியே வந்தது, சாவுச் சான்று வாங்குவதற்காக.

நானும் வருஷா வருஷம் விசாவுக்கு வரிசையில் நின்றவன். ஒவ்வொரு தடவையும் சரோஜா கூட வந்து நிற்பாள். என் மலாய் அப்படி. வந்த புதிதில் ரோட்டோர ஒட்டுக்கடையில் போய் நம் ஊர்ப் பழக்கத்தில் டீக்குச் "சாயா" என்றேன். மலாயில் அதற்கு 'நான்' என்று அர்த்தம். கடைக்கார அம்மா, சரி, நீதான், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க, நான் மறுபடியும் "சாயா, சாயா" என்று நெஞ்சில் கைவைத்துக் கெஞ்சியிருக்கிறேன். இப்படிப்பட்டவனைத் தனியாக அனுப்பினால் எந்த ஆபீசர் முத்திரை குத்துவார்?

அவளை நான் சந்தித்ததே ஒரு தப்பினால்தான். அப்போது சிரம்பான் பக்கம் ரஹாங்கில் ஒரு தையல் கடையில் கூலிக்கு இருந்தேன். ஒரு பாலர் பள்ளியிலிருந்து பெரிய கொடி ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. முதலாளி ஊரில் இல்லை. இந்த நாட்டில் எத்தனை மாநிலம் என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டேன், பதின்மூன்று என்றார். சரி, மாநிலத்துக்கு ஒரு கோடு என்று நானே கணக்குப் போட்டு, சிவப்பும் வெள்ளையுமாகப் பதின்மூன்று கோடு வைத்து அழகாகத் தைத்துவிட்டேன். மறுநாள் ஒரு ஒல்லி டீச்சர் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தாள்.

"அண்ணே, மேலயும் சிவப்பு, கீழயும் சிவப்பு. கடைசி வெள்ளக் கோடு எங்க?"

"மாநிலம் பதிமூணுதானேம்மா?"

"பதினாலா இருந்துச்சி. சிங்கப்பூரு பிரிஞ்சி போயிருச்சி. ஆனா கோட்ட எடுக்கல. இப்ப அதக் கூட்டரசுக்குன்னு, மத்திய அரசாங்கத்துக்குன்னு சொல்றாங்க."

"பொறவு போனவனுக்க பாயைச் சுருட்டல்லியா?"

"சுருட்டல. வேற ஆளு படுத்துக்கிட்டாங்க."

கூலி வாங்காமல் பதினாலாவது கோட்டைத் தைத்துக் கொடுத்தேன். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும், கல்யாணப் பத்திரிகை வந்திருக்குமே.

3

நாடு என்பது சரோஜாவுக்கு முதலில் ஒரு வெள்ளைத் துணியில்தான் தெரிந்ததாம். தகவல் இலாகா லாரி தோட்டத்துக்கு வரும். திடலில் இரண்டு கம்பு நட்டுத் திரை கட்டுவார்கள். தமிழ்ப் படம் பார்க்கப் பாயோடு வந்தவர்கள் முதலில் அரசாங்கப் படம் பார்த்தாக வேண்டும். கொடி ஏறும், மந்திரி கையசைப்பார், பாலம் திறப்பார்கள். "எங்கப்பாவுக்கு அப்ப செவப்பு ஐசி. ஆனா திரையில கொடி ஏறுனா அவருதான் மொத ஆளா எந்திரிப்பாரு. ஒக்காருய்யா, மறைக்கிதுன்னு பின்னால கத்துவாங்க. ஒக்கார மாட்டாரு." இதைச் சொல்லும்போது அவள் குரலில் இப்போதும் ஒரு பெருமை ஏறும்.

நம் பக்கத்தில் எல்லை போட்டதும் அதற்கு மேடை கட்டியதும் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே வந்து தள்ளி நின்று பார்த்தபோதுதான் அதன் வேடிக்கை எனக்கு விளங்கியது. நவம்பர் ஒன்று. செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் குமரி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாள். அந்தப் பக்கம் கேரளம் பிறந்த நாள். காலையில் நம் பள்ளிக்கூடத்தில் நாடகம், சாயங்காலம் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் நாடகம். இரண்டுக்கும் உடுப்பு ஒரே கடையில், என் அக்கா புருஷன் செல்லையா அத்தானின் கடையில். நான் அங்கே பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் உடுப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆள் உயரம் என்பதால் நம் நாடகத்தில் அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். போராட்டக்காரர்களை அடிக்கிற திருவிதாங்கூர்ப் போலீஸ் நான். வசனம் பேசி முடிப்பதற்குள் கூட்டத்திலிருந்து மண்ணாங்கட்டி வந்தது. எறிந்தவர் என் சொந்தச் சித்தப்பா. அந்தப் போராட்டத்துத் துப்பாக்கிச் சூட்டில் தன் கூட்டாளி ஒருவர் போனதைக் கண்ணால் பார்த்தவருக்கு, மேடையில் காக்கியைக் கண்டதும் நான் யாரென்பது மறந்துபோனது. இறங்கி வந்ததும் அத்தான் உடுப்பைக் கழற்றி, மண்ணை அலசி, ஈரத்தோடு சைக்கிளில் கட்டி அந்தப் பக்கம் அனுப்பினார். அங்கே அதைப் போட்டவன் என் அத்தை மகன் சசி. அந்த நாடகத்தில் போலீஸ்காரன் வெள்ளத்தில் பிள்ளைகளைத் தூக்கி வருகிற நல்லவன். சசிக்கு மாலை விழுந்தது.

மறுநாள் சசி அந்த மாலையையும் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டான். "அடி உனக்கு, மாலை எனக்கா? பாதி எடுத்துக்கோ."

அத்தான் ஊசியை வாயில் கடித்தபடி சொன்னார், "சட்டைக்கு நாடு கெடையாதுடே. அளவுதான் உண்டு."

சினிமாக் கொட்டகையிலும் இதே கதைதான். கதாநாயகன் தமிழுக்காக நெஞ்சை நிமிர்த்தி வசனம் விட்டால் முன்வரிசை விசிலடிக்கும், பாறசாலைக்காரனும் சேர்ந்து அடிப்பான். படம் முடிந்து கொடி பறந்து கீதம் ஒலித்தால், இரண்டு பக்கத்துக்காரனும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஒன்றாகக் கதவை முட்டுவான். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வருஷம் ஏற ஏற, அந்த நாடகங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் செக்போஸ்டை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். சர்வே செய்தவன் கல்லைத்தான் நட்டான். அதற்கு வசனம் எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள், நானும்தான்.

4

சரோஜாவும் ஒரு நாடகம் எழுதியிருக்கிறாள். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு சுதந்திர நாளும் தோட்டத்து மண்டபத்தில் போடுவது. தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனை. லயத்தில் இருப்பவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். நம் ஆட்கள் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள், அம்பாங்கான், சிரம்பான் என்று. ஆனாலும் கோயில் திருவிழாவுக்கும் இந்த நாடகத்துக்கும் கார் போட்டு வந்துவிடுவார்கள். பாதிப் பேர் சின்னதில் அதில் நடித்தவர்கள்.

நாடகம் எளிது. பதினாலு பிள்ளைகள், பதினாலு மாநிலம். ஒருவர் ரப்பர் கொண்டு வருவார், ஒருவர் நெல், ஒருவர் ஈயம். சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை சிங்கப்பூர், துறைமுகம் கொண்டு வரும். எல்லோரும் கைகோத்து நிற்பார்கள். பிறகு சண்டை. சிவப்புச் சட்டை கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கிப் போகும். மிச்சம் பதின்மூன்று பேரும் கையை நெருக்கிப் பிடித்து, கொடி ஆட்டிப் பாடுவார்கள். கைதட்டல்.

தர்ஷினி ஆறு வயதில் அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டாள். டீச்சர் மகள் என்பதால் யாரும் விரும்பாத வேஷம் அவளுக்கு. ஒழுங்காக நடித்துப் படியிறங்கிப் போனவளைப் பாட்டு முடிந்ததும் காணவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் கொடி இல்ல."

"கதை அப்படித்தான்டி. போனவங்க மறுபடி மேடை ஏற முடியாது" என்றாள் சரோஜா.

குமார் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "சிங்கப்பூரு அழுவுது லா, யாராச்சும் ஐஸ் வாங்கிக் கொடுங்க" என்று மண்டபத்தைச் சுற்றி வந்தான். அன்றிலிருந்து தோட்டத்தில் அவள் பெயர் சிங்கப்பூர். பிற்காலத்தில் அங்கேயே வேலை கிடைத்தபோது, "நான் பேரு வச்ச ராசி" என்று குமார் விருந்து கேட்டான். சரோஜா அப்போது சிரித்தாள். இந்த வருஷம் சிரிக்கவில்லை.

5

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அவர்கள் மாடி வராந்தாவிலிருந்து எடுத்தது. வானத்தில் விமானம் பறக்கிறது, கீழே சிவப்பும் வெள்ளையுமாக ஜனம். பிரிந்த நாள் அங்கே தேசிய நாள். இங்கே காலண்டரில் அது சாதாரண நாள், நான் இரண்டு பேண்டுக்கு ஜிப் மாற்றினேன். சரோஜா சத்தத்தை அணைத்துவிட்டு அந்த வீடியோவைப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

நானும் வற்புறுத்தவில்லை. தூர இருந்தால் சேர உறவு, கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று சொல்லி அவளிடம் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பழமொழி சொல்லியே காலத்த ஓட்டிருங்க. உங்க கையில இருந்து யாரும் எதையும் பிடுங்கல." நியாயம்தான். என் சொந்தக் கடவுச்சீட்டை நான் விட்டதில்லை. விட்டவர்களின் வயிற்றெரிச்சலும் எனக்குத் தெரியாது, விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பவர்களின் வயிற்றெரிச்சலும் தெரியாது.

அடுத்த வாரம் நாடக ஆர்டர் கொண்டு வந்தாள். கணவன் கடைதான் என்றாலும் சீட்டு எழுதித்தான் தருவாள். வருஷா வருஷம் 'சின்னக் கொடி 13' என்று இருக்கும். இந்தச் சீட்டில் பதினாலு.

"ஒண்ணு கூட இருக்கே. ஸ்பேரா?"

"எழுதுனத தைங்க."

தைத்தேன்.

சுதந்திர நாள் காலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும் தேநீரும் வாசலில். தர்ஷினி வருவதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். விடியுமுன் புறப்பட்டும் எல்லைப் பாலத்து நெரிசலில் சிக்கி, நாடகம் பாதி நடக்கும்போதுதான் வந்து சேர்ந்தாள். அம்மா கண்ணில் படாமல் பின்கதவோரம் நின்றுகொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"கோவம் குறைஞ்சிருச்சாப்பா?"

"எனக்குத் தெரியல்ல மோளே. பயற்றங்காய் கொஞ்சம் பெருசாகியிருக்கு." அவளுக்கு அது விளங்கவில்லை.

மேடையில் சண்டை வந்தது. சிவப்புச் சட்டை போட்ட குட்டிப்பெண் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கி ஓரமாகப் போனாள். பதின்மூன்று பேரும் கையை நெருக்கிப் பிடித்தார்கள். இத்தனை வருஷம் பார்த்த கூட்டம் பாட்டுக்குத் தயாராகி, செல்போனைத் தூக்கியது. பாட்டு வரவில்லை. எங்கள் மாநிலமான நெகிரி செம்பிலானாக நின்ற பொடியன் ஓர் அடி முன்னால் வந்து, ஒப்பித்த குரலில் சொன்னான்:

"கொடியில உன் கோடு அப்படியேதான் இருக்கு. நீ தனி வீடுதான். பாட்டுக்கு மட்டும் வந்துட்டுப் போ."

சிவப்புச் சட்டை படியேறியது. அந்தப் பிள்ளையின் கையில் பதினாலாவது கொடியைக் கொடுத்தார்கள்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. குமார் எழுந்துவிட்டான். "க்கா, சரித்திரத்தையே மாத்திட்டியே. அது இப்ப கூட்டரசுப் பிரதேசத்துக் கோடு லா."

சரோஜா மைக்கைப் பிடித்தாள். "சரித்திரத்த மாத்தல. போனவ போனவதான், அவ சட்டைய நான் கழட்டச் சொல்லல. கோடு அகலமானது, ரெண்டு பேரும் நிக்கலாம்."

"அப்ப அங்க ஒருத்தி நிக்கிறாளே, அவளுக்கும் எடமிருக்கா?" குமாரின் விரல் பின்கதவை நோக்கி நீண்டது. "ஏய் சிங்கப்பூரு, எதுக்கு அங்க ஒளியிற? உன் பழைய வேஷம்தானே, ஏறு."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. சிரிப்பு. சின்ன வயதில் அவளோடு நடித்தவர்கள் ஒரே குரலில் "ஏறு, ஏறு" என்றார்கள். தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் மேடையைப் பார்த்தேன். சரோஜா மைக்கை ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்துவிட்டு, வரிசையில் ஒரு பிள்ளையை நகர்த்தி ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இடத்தை மட்டும் விட்டாள்.

தர்ஷினி போய்ச் சிவப்புச் சட்டைக் குட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீதம் ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்தோம். முதல் ஆளாக எழுந்து பின்வரிசைக்கு மறைத்த என் மாமனாரை நினைத்துக்கொண்டேன். கூடவே, மண்ணாங்கட்டி வாங்கிய எனக்குப் பாதி மாலை கொண்டுவந்த சசியையும்.

பாட்டு முடிந்து இறங்கியதும் சரோஜா மகளிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"பசியாறினியா?"

"இன்னும் இல்லம்மா."

"அங்க பொட்டலம் இருக்கு. சம்பல் காரமா இருக்கும், பாத்துத் தின்னு."

6

மகள் திரும்பிப் போய் நான்கு நாள். செப்டம்பர் சனிக்கிழமையைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் தனியாகப் போவதற்குப் பஸ் டிக்கெட் பார்த்து வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் சரோஜா கடைக்கு வந்து, வெட்டு மேசையில் ஒரு பையை வைத்தாள். உள்ளே பச்சைப் பட்டும் அதன் ரவிக்கையும். தர்ஷினி கல்யாணத்துக்கு நான் தைத்தது.

"ரெண்டு இன்ச்சி விட்டுப் பிரிச்சிக் கொடுங்க. சனிக்கிழமைக்கு முன்னால வேணும்."

எந்தச் சனிக்கிழமை என்று கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே. "இப்பவே கையி நுழையும்போலல்லா இருக்கு?"

"நுழையும். அவங்க பாட்டுக்கு எந்திரிச்சி நிக்கயில தையல் விட்டுச்சின்னா? மலேசியாக்காரி மானம் போவும்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அந்தப் பாட்டும் மலாய்லதானாம். மாப்பிள்ளைக்கே முழுசா அர்த்தம் தெரியல, மககிட்ட போன்ல நான் சொன்னேன். சொல்லிட்டேன், நிப்பேன். பாட மாட்டேன்."

போன் பேச்சு எனக்குத் தெரியாமல் எப்போது தொடங்கியது என்று நான் கேட்கவில்லை.

ரவிக்கையைப் புரட்டிப் பக்கத் தையலைப் பிரித்தேன். பிற்காலத்தில் தேவைப்படும் என்று இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருந்தேன். வெளியே பச்சை கொஞ்சம் வெளிறியிருந்தது. உள்ளே மடங்கியிருந்த பட்டு, வாங்கிய நாளின் நிறத்திலேயே இருந்தது.